மேசை மையத்தில், முகம் வீட்டில்: மெய்நிகர் மேசைக்கணினியில் காணொலி உரையாடலின் வரலாறு

பெங்களூரின் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிப்புரா ஆகியவற்றுக்கு அண்மையில் அமைந்த நெருக்கமான குடியிருப்புப் பகுதி. தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது. உலக நிறுவனங்களின் அலுவலகங்கள் நிறைந்த தொம்லூர் வளாகங்கள் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. நகரத்தின் தகவல் தொழில்நுட்ப வரலாறு எழுதப்படும்போது அந்த வளாகங்கள் இடம்பெறுகின்றன. அவற்றில் பணிபுரிவோர் வாழும் இத்தகைய பகுதிகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 2020 மார்ச்சில் இந்த நிலை தலைகீழானது. அலுவலகம் மூடப்பட்டது, ஒற்றை அறை, இரட்டை அறை வீடுகளே அலுவலகமாயின.

அந்த மாற்றத்தைத் தாங்கி நின்ற தொழில்நுட்பங்களுள் ஒன்று மெய்நிகர் மேசைக்கணினி. பணியாளரின் கண்முன் இருப்பது திரையும் விசைப்பலகையும் மட்டுமே. அவர் பயன்படுத்தும் கணினி உண்மையில் எங்கோ ஒரு தரவு மையத்தின் சர்வரில் இயங்குகிறது. கோப்புகளைத் திறப்பதற்கும் அட்டவணைகளை நிரப்புவதற்கும் இந்த ஏற்பாடு நன்றாகவே பயன்பட்டது. காணொலிக் கூட்டம் தொடங்கியதும் அது தடுமாறியது. குரல் வெட்டுப்பட்டது, உதடும் ஒலியும் பிரிந்தன, முகம் உறைந்து நின்றது. இத்தடுமாற்றத்தின் காரணத்தையும், அது சீர்செய்யப்பட்ட வழியையும் ஆராய்ந்தால், இணைய வேகக் குறைவு என்னும் வழக்கமான விடை போதாது என்பது புலனாகும். கணிப்பணியை மையத்தில் குவிப்பதா, விளிம்பில் விடுவதா என்னும் அறுபதாண்டு கால இழுபறியின் ஓர் அத்தியாயம் இது.

இரு தொழில்நுட்பங்களும் வெவ்வேறு மரபுகளில் பிறந்தவை. காணொலி உரையாடல் தொலைபேசியின் வாரிசு. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்ஃபோன்’ என்னும் படத் தொலைபேசியைக் காட்சிப்படுத்தியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் அதன் வணிகச் சேவை தொடங்கியது. அதை வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். ஆனால் அதன் அடிப்படை வடிவம் நிலைத்தது: இரு முனைகளிலும் முழுத்திறன் கொண்ட கருவி, இடையில் செய்தியைக் கடத்தும் கம்பி. 1990இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட எச்.261 என்னும் காணொலிச் சுருக்கத் தரமும் இந்த வடிவத்தையே கருதியது. நொடிக்கு 64 கிலோபிட் கொண்ட எண்ணிமத் தொலைபேசித் தடங்களின் மடங்குகளுக்கு ஏற்ப அது வகுக்கப்பட்டது.

மெய்நிகர் மேசைக்கணினியோ நேரப்பகிர்வுப் பெருங்கணினியின் வாரிசு. அம்மரபில் அறிவு முழுவதும் மையத்தில் இருக்கும்; முனையம் வெறும் கண்ணாடி. 1989இல் ஐபிஎம்மிலிருந்து விலகிய எட் யாகோபுச்சி தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனம், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வழியைத் தனியாள் கணினிகளின் உலகிற்குக் கொண்டுவந்தது. 1995இல் அதன் வின்ஃபிரேம் வெளியானது. 1997இல் மைக்ரோசாஃப்ட் அத்தொழில்நுட்பத்தின் உரிமத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டே விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பு வந்தது. 2006 வாக்கில் விஎம்வேர் முன்வைத்த கட்டமைப்பில், ஒவ்வொரு பணியாளருக்கும் சர்வருக்குள் தனித்தனி மெய்நிகர் கணினியே ஒதுக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. மைக்ரோசாஃப்டின் தொலை மேசைக்கணினி நெறிமுறை டி.120 என்னும் தரக்குடும்பத்தை அடித்தளமாகக் கொண்டது. டி.120 வகுக்கப்பட்டதோ பலர் கூடும் தொலைநிலைக் கூட்டங்களில் தரவைப் பகிர்ந்துகொள்வதற்காக. கூட்டத்திற்கென உருவான குடும்பத்தில் பிறந்த நெறிமுறையே பின்னாளில் கூட்டம் நடத்தத் திணறியது. அது சுவீகரித்தது திரைப் பகிர்வை மட்டுமே. முகமும் குரலும் அதன் கணக்கில் பின்னரே சேர்ந்தன.

பெங்களூர் இவ்விரு மரபுகளையும் முன்கூட்டியே அறிந்திருந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியபோது, அமெரிக்கத் தலைமையகத்துடன் தொடர்புகொள்ளத் தனிச் செயற்கைக்கோள் இணைப்பை அமைத்தது. 1991இல் உருவான இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா நிறுவனம் சிறு நிறுவனங்களுக்கும் அத்தகைய இணைப்புகளை வழங்கியது. நொடிக்கு 64 கிலோபிட் என்பதே அக்காலத்தின் வழக்கமான அளவு. அத்தடத்தில் நிரல்களும் மடல்களும் சென்றன. வேலை இங்கே, வேலைக்குரிய கணினி அங்கே என்னும் ஏற்பாட்டிற்கு நகரம் அப்போதே பழகத் தொடங்கியது.

காணொலியின் மரபும் இங்கு வேரூன்றியிருந்தது. 2001இல் தொடங்கிய இஸ்ரோவின் தொலைமருத்துவ முன்னோட்டத் திட்டம், பெங்களூரின் நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையைச் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையுடன் செயற்கைக்கோள் வழியே இணைத்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அலை மேலே சென்று கீழே வருவதற்கே கால் நொடி ஆகும். ஆயினும் மருத்துவர்கள் அத்தடத்தில் உரையாடினர். ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசும் முறையைக் கடைப்பிடித்தால் நிலையான தாமதம் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. இரு முனைகளிலும் அதற்கென அமைந்த கருவிகள் இருந்தன. படத்தைச் சுருக்குவதும் விரிப்பதும் அந்தந்த முனையிலேயே நடந்தன. இடையில் மூன்றாவதாக ஒரு ‘மேசை’ நுழையவில்லை.

அந்த மூன்றாவது மேசை நுழைந்தால் என்ன நேரும் என்பதைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். நீலசந்திராவில் ஒருவரும் ஈஜிப்புராவில் அவருடைய சக பணியாளரும் பேசிக்கொள்கின்றனர் என்க. இருவரின் மெய்நிகர் கணினிகளும் டெக்சாஸில் உள்ள தரவு மையத்தில் இயங்குகின்றன. பெங்களூரிலிருந்து அந்த மையம் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒருவர் சொன்ன சொல் அங்குச் சென்றடைய 75 மில்லிநொடி. அங்கிருந்து அடுத்த பகுதியில் இருப்பவரின் காதுக்குத் திரும்ப மேலும் 75 மில்லிநொடி. மொத்தம் 150. இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. கடலடிக் கம்பிகளின் வளைவையும் கருவிகளின் தாமதத்தையும் சேர்க்கும் முன்பே அந்த எல்லை தீர்ந்துவிடுகிறது. கூப்பிடு தொலைவில் இருப்பவரின் குரல் பூமியின் மறுபக்கம் சென்று வரும் இந்த வழித்தடத்தைக் கொண்டை ஊசி வளைவுடன் ஒப்பிடுவது பொறியாளர்களின் வழக்கம்.

தொலைவு மட்டுமே சிக்கல் என்றால், சென்னையிலோ புனேயிலோ உள்ள மேகக் கணிமைத் தரவு மையத்திற்கு மேசையை மாற்றினால் போதும். ஆனால் இரண்டாவது சிக்கல் படத்தில் உள்ளது. 1280 பிக்சல் அகலமும் 720 பிக்சல் உயரமும் கொண்ட காணொலி, நொடிக்கு 30 சட்டங்கள் வீதம், ஒரு பிக்சலுக்கு 12 பிட் எனக் கொண்டால், சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 332 மெகாபிட் ஆகும். கோடெக் அதை ஓரிரு மெகாபிட்டாகச் சுருக்குகிறது. மெய்நிகர் கணினியில் நிகழ்வது யாது? எதிர்முனையிலிருந்து சுருங்கி வரும் படத்தைச் சர்வர் விரிக்கிறது, திரையில் வரைகிறது, பிறகு அத்திரையின் மாற்றங்களை மீண்டும் சுருக்கிப் பணியாளரின் வீட்டிற்கு அனுப்புகிறது, வீட்டுக் கணினி அதை மறுபடியும் விரிக்கிறது. ஒரே முகம் இருமுறை மடிக்கப்பட்டு இருமுறை பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் தெளிவு குறைகிறது, நேரம் கூடுகிறது. ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்வதால், காலைக் கூட்ட வேளையில் அனைவரும் ஒருசேர முகம் காட்டும்போது சர்வரின் செயலி திணறுகிறது.

மூன்றாவது சிக்கல் போக்குவரத்து முறை சார்ந்தது. தொலை மேசைக்கணினி நெறிமுறைகள் நெடுங்காலம் டிசிபி வழியே இயங்கின. தொலைந்த தரவுப் பொட்டலத்தை மீண்டும் கேட்டுப் பெறும் வரை பின்வருவனவற்றை நிறுத்திவைப்பது அதன் இயல்பு. ஒரு கடிதத்தின் எழுத்துகளுக்கு இது இன்றியமையாதது. குரலுக்கோ தொலைந்த துணுக்கைவிட அதற்காகக் காத்திருப்பதே பெருங்கேடு. இதனால் 2012இல் மைக்ரோசாஃப்டின் நெறிமுறையும் 2017இல் சிட்ரிக்ஸின் நெறிமுறையும் காத்திருக்காத யுடிபி முறைக்கு இடம் கொடுத்தன. இது வலியைக் குறைத்தது, நோயை நீக்கவில்லை.

நோய்க்குரிய மருந்து வேறு திசையிலிருந்து வந்தது: காணொலியை மையத்தின் வழியாக அனுப்பாமல் இருப்பது. மென்பொருளின் சாளரமும் பொத்தான்களும் மட்டும் சர்வரில் இயங்கும். ஒளிப்படக் கருவியும் ஒலிவாங்கியும் இணைந்திருக்கும் வீட்டுக் கணினியே படத்தைச் சுருக்கி நேராகக் கூட்டத்திற்கு அனுப்பும். எதிர்முனையின் படத்தையும் நேராகப் பெற்று விரிக்கும். சர்வர் அனுப்பும் திரையில் காணொலிக்குரிய கட்டம் வெறுமையாக விடப்படும். அந்த வெறுமைக்குள் வீட்டுக் கணினி தன் படத்தைப் பொருத்திக்காட்டும். காண்பவருக்கு இரண்டும் ஒன்றே. 2010களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் லிங்க் மென்பொருளுக்கென சிட்ரிக்ஸ் இவ்வழியை நடைமுறைப்படுத்தியது. 2010இல் குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தை வாங்கிய கூகுள், அடுத்த ஆண்டே வெப்ஆர்டிசி என்னும் நிகழ்நேரத் தொடர்புத் தொழில்நுட்பத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இவ்வழியைப் பொதுவழியாக்கும் கருவி அவ்வாறு கிடைத்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சிட்ரிக்ஸ் சூழலில் இம்முறையில் இயங்கத் தொடங்கியது.

அதாவது, பெருந்தொற்றுக்குச் சில மாதங்களுக்கு முன்பே விடை தயாராக இருந்தது. அது எங்கும் பரவியிருக்கவில்லை. பரவாமைக்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. சட்டமும் ஒரு காரணம். இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘பிற சேவை வழங்குநர்’ விதிமுறைகள் அழைப்பு மையங்களையும் அயற்பணி நிறுவனங்களையும் நெடுங்காலம் அலுவலகக் கட்டடத்துடன் பிணைத்திருந்தன. வீட்டிலிருந்து பணிபுரிவதற்கு இடம் இருந்தபோதும் வைப்புத்தொகை, தனி ஒப்பந்தம், குறிப்பிட்ட வகை இணைப்பு முதலிய நிபந்தனைகள் அதை அரிய விதிவிலக்காகவே வைத்திருந்தன. அத்துறை 2020 மார்ச் 13 அன்று இந்நிபந்தனைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று வெளியான புதிய வழிகாட்டுதல்கள் பதிவுத் தேவையையே பெருமளவு நீக்கின. பணியிடம் என்பதன் சட்டப்பொருள் எட்டே மாதங்களில் மாறிப்போனது.

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பணிசெய்த நிறுவனங்கள் இச்சூழலில் மெய்நிகர் மேசைக்கணினியை நாடியதற்குக் காரணம் வெளிப்படை. வாடிக்கையாளரின் தரவு மையத்தை விட்டு வெளியேறாது. வீட்டிற்குச் செல்வது அதன் திரைப்பிம்பம் மட்டுமே. கட்டுப்பாடு என்னும் நோக்கில் இது வலிமையான வாதம். ஆனால் அதே மாதங்களில் காணொலிக் கூட்டம் அன்றாட வழக்கமாயிற்று. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்புகள் 2020 மார்ச்சில் 20 கோடியைத் தொட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. எல்லாம் மையத்தின் வழியே செல்ல வேண்டும் என்னும் கொள்கையும், முகம் காட்டிப் பேச வேண்டும் என்னும் நடைமுறையும் நேருக்கு நேர் மோதின.

மோதலில் வளைந்துகொடுத்தது கொள்கைதான். மைக்ரோசாஃப்ட் அந்நாட்களில் நிறுவனங்களுக்கு அளித்த பரிந்துரைகளுள் ஒன்று, கூட்டங்களின் ஒலி-ஒளிப் போக்குவரத்தை அலுவலகத்தின் மறைகுறியாக்கச் சுரங்கவழியிலிருந்து பிரித்து நேராக இணையத்தில் விட வேண்டும் என்பது. மெய்நிகர் கணினியில் காணொலியை வீட்டுக்கணினிக்கு இறக்கிவிடுவதும் இதே தத்துவத்தின் மற்றொரு வடிவம். ஆவணம் மையத்தில் இருக்கட்டும், உரையாடல் விளிம்பில் நடக்கட்டும் என்னும் உடன்பாடு அது. ‘செயல்திறன் மேம்படுத்தல்’ என்று கையேடுகளில் நடுநிலையான பெயரில் வழங்குவது, வரலாற்று நோக்கில், மையம் தன் அதிகாரத்தின் ஒரு பகுதியைக் கைவிட்ட நிகழ்வாகும்.

கைவிடப்பட்டது அதிகாரம் மட்டுமன்று. சுமையும் இடம் மாறியது. மெய்நிகர் மேசைக்கணினி விற்பனைக்கு வந்த காலத்தில் அதன் முதன்மைக் கவர்ச்சி, முனையில் மலிவான எளிய கருவி போதும் என்பதே. காணொலியை முனையே கையாளத் தொடங்கியதும் அவ்வாக்குறுதி பொய்த்தது. படத்தைச் சுருக்கும் திறன்கொண்ட செயலியும் போதிய நினைவகமும் நிலையான இணைப்பும் வீட்டில் இருந்தாக வேண்டும். அவை இல்லாதபோது மென்பொருள் பழைய வழிக்கே திரும்பிவிடும், எல்லாம் மீண்டும் சர்வரின் வழியே செல்லும், தடுமாற்றமும் திரும்பும். இத்திரும்பல் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வதால், பழைய மடிக்கணினியுடன் அமர்ந்திருப்பவரின் குறையாகவே அது கூட்டத்தில் தோன்றும். தரவு மையத்தின் மின்கட்டணமாக இருந்த செலவு, நீலசந்திராவின் ஒரு வீட்டில் இணையக் கட்டணமாகவும் மின்வெட்டுக்கு எதிரான இன்வெர்ட்டராகவும் உருமாறியது.

இதைவிட நுட்பமான ஏற்றத்தாழ்வு ஒன்றும் உண்டு. பின்னணியை மங்கலாக்கும் வசதி 2020இல் சாதாரண மடிக்கணினிகளில் பரவலாகக் கிடைத்தது. மெய்நிகர் கணினிக்கெனத் தகவமைக்கப்பட்ட டீம்ஸில் அவ்வசதி தொடக்கத்தில் இல்லை. பின்னரே வந்து சேர்ந்தது. பெருநிறுவனத்தின் மேலாளர் தனியறையில் அமர்ந்து, தேவையின்றியே தம் புத்தக அலமாரியை மங்கலாக்க முடிந்தது. சமையலறையும் படுக்கையும் பள்ளிக் குழந்தையும் ஒரே சட்டகத்திற்குள் அமையும் வீட்டிலிருந்து மெய்நிகர் கணினியில் பேசுபவருக்கு அந்தத் திரை மறுக்கப்பட்டது. படத்தைச் சுருக்கும் பொறுப்பை வீட்டிற்கு மாற்றிய வடிவமைப்பு, வீட்டை மறைக்கும் உரிமையை உடனே மாற்றித்தரவில்லை. ஒளிப்படக் கருவியை அணைத்துவைப்பதே எஞ்சியிருந்த வழி. அணைத்தவர் அக்கறையற்றவர் என எண்ணப்படும் அபாயம் அதனுடன் சேர்ந்தே வந்தது.

பின்வந்த ஆண்டுகளில் இம்முறை முதிர்ந்தது. 2021 ஜனவரியில் வெப்ஆர்டிசி உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் முறையான பரிந்துரையாயிற்று. 2024 முதல் டீம்ஸ், முழுமையான ஊடகப் பொறியையே வீட்டுக் கணினியில் நிறுவி இயக்கும் புதிய கட்டமைப்பிற்கு மாறத் தொடங்கியது. சாதாரணப் பதிப்புக்கும் மெய்நிகர் பதிப்புக்கும் இடையிலான வசதி இடைவெளி சுருங்கியது. சிட்ரிக்ஸ், விஎம்வேர், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றுக்கும் இந்தியாவில் பெரும் பொறியியல் மையங்கள் இருந்தன. பெங்களூரும் அவை அமைந்த நகரங்களுள் ஒன்று. இத்தொழில்நுட்பத்தை உருவாக்குவதில் பங்கேற்ற நகரமும், அதன் குறைகளைக் குடியிருப்புகளில் தாங்கிய நகரமும் ஒன்றே.

ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘சந்திரா’, ஏரியைக் குறித்த ‘சமுத்திரம்’ என்பதன் திரிபு எனக் கருதப்படுகிறது. பழைய பெங்களூரில் நீர் பல ஏரிகளில் பரவலாகத் தேக்கப்பட்டது. பின்னர் நெடுந்தொலைவிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொணரும் மைய ஏற்பாடு வந்தது. எதை மையத்தில் தேக்குவது, எதை இருக்கும் இடத்திலேயே வைப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்னும் கேள்விகள் இந்நகருக்குப் புதியனவல்ல. தகவல் தொழில்நுட்ப வரலாறு அவற்றைப் பெரும்பாலும் நிறுவனங்களின் ஆவணங்களைக் கொண்டே எழுதிவந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் வீட்டுப்பணியைப் பொறுத்தவரை அந்த ஆவணங்கள் பாதிக் கதையையே சொல்லும். மறுபாதி, கூட்டத்தில் குரல் வெட்டுப்பட்டவர்களிடமும் முகத்தை அணைத்துவைத்தவர்களிடமும் உள்ளது. அவர்களின் வாய்மொழிச் சான்றுகள், நினைவு மங்குவதற்குள், நீலசந்திரா போன்ற பகுதிகளில் திரட்டப்பட வேண்டியவை.